சிவில் முடித்த என்னை சைட்டில் சர்வே வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

கேள்வியைப் படித்ததும் சுருக்கென்றது. 2012-ல் நானும் இதையேதான் புலம்பிக்கொண்டிருந்தேன். உங்களோடு படித்தவன் ஏசி அறையில் உட்கார்ந்து டிசைன் பார்க்கிறான், நீங்கள் ட்ரைபாடைத் தோளில் போட்டுக்கொண்டு முள்ளுக்குள் நடக்கிறீர்கள். அனேகமாக அதுதானே விஷயம்?

எனக்கு முதல் சைட் ஒரகடம் பக்கம் ஒரு குடோன். 70 மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான நீளம், இரண்டு பக்கமும் வரிசையாகத் தூண்கள். தூணைத் தாங்கும் கான்கிரீட் மேடையான பெடஸ்டலின் மேல்மட்டத்தை, கான்கிரீட் ஊற்ற அடிக்கும் ஷட்டர் பலகையில் சிவப்பு மையால் குறித்துக் கொடுப்பது என் வேலை. சைட் ஆபீஸ் ஓரமாக ஒரு வேப்பமரம் இருந்தது. மே மாதம். மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவியான ஆட்டோ லெவலை அந்த நிழலில் நிறுத்திவிட்டால் நாள் முழுக்க நகர வேண்டியதில்லை. அங்கிருந்து டிபிஎம் கல் (உயரம் தெரிந்த தற்காலிக அடையாளக் கல்) எட்டு மீட்டரில், கடைசித் தூண் 68 மீட்டரில். டிபிஎம்மைப் பார்க்கும் பேக்சைட்டும் தூணைப் பார்க்கும் ஃபோர்சைட்டும் ஏறத்தாழ சம தூரத்தில் இருக்க வேண்டும் என்று கல்லூரியில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான்.

தினமும் சாயங்காலம் திரும்ப டிபிஎம்மைப் பார்ப்பேன். கல்மேல் நிறுத்தும் அளவுகோலில், அதாவது ஸ்டாஃபில், காலையில் வந்த ரீடிங்கே வரும். பிழையே இல்லை என்று நிம்மதியாகப் போய்ப் படுப்பேன். ஒரே இடத்தில் நின்று ஒரே கல்லைப் பார்த்தால் வேறு என்ன ரீடிங் வரும்? அது அப்போது உறைக்கவில்லை.

நான்காம் நாள் மேஸ்திரி வந்தார். செஞ்சிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"தம்பி, உங்க மிஷினு அந்தக் கடைசில ஒரு இஞ்ச் ஏத்திக் காட்டுது."

அவர் கையில் டியூப் லெவல். தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், அவ்வளவுதான். அதைத் தூணுக்குத் தூண் மாற்றி வைத்துக்கொண்டே கடைசி வரை போயிருக்கிறார்.

"டியூபுல ஏர் இருக்கும், பாருங்க மேஸ்திரி" என்றேன். குரலில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அவர் கோபப்படவில்லை. தண்ணீரை முழுக்கக் கொட்டி, குழாயைத் தட்டித் தட்டி மறுபடி நிரப்பி, என் கண் முன்னாலேயே திரும்ப வைத்துக் காட்டினார். அதே ஒரு இஞ்ச்.

மறுநாள் காலை சீனியர், லெவல் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும் டூ பெக் டெஸ்ட் போடச் சொன்னார். 60 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி. நட்டநடுவில் லெவலை வைத்தபோது ரீடிங் 1.420, 1.265. வித்தியாசம் 155 மி.மீ. அப்புறம் முதல் ஆணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். 1.510, 1.379. வித்தியாசம் 131 ஆகிவிட்டது. 24 மி.மீ. எங்கே போனது? லெவலின் பார்வைக்கோடு லேசாக மேல்நோக்கியிருந்தது. நடுவில் நின்றால் இரண்டு பக்கமும் ஒரே அளவு பிழை, கழித்தால் போய்விடும். ஓரத்தில் நின்றால் தூரப் பக்கத்துப் பிழை அப்படியே தங்கிவிடும். பபிள் (மட்டம் காட்டும் குமிழி) நடுவில் இருந்தால் மீதியைக் கருவியே பார்த்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தேன். அந்த லெவல் பெட்டியே இல்லாமல் டிராக்டரில் குலுங்கிக்கொண்டு எங்கள் சைட்டுக்கு வந்த கதை பிறகுதான் தெரிந்தது.

அதற்குள் நான்கு பெடஸ்டல் கான்கிரீட் போட்டாயிற்று. கொத்தியெடுத்தோம். தூணின் அடித்தகடான பேஸ் பிளேட்டுக்குக் கீழே க்ரவுட்டுக்கு (இடைவெளியை நிரப்பும் கலவைக்கு) விட்டிருந்த இடத்தையே அந்த 24 மி.மீ. தின்றிருக்கும்.

1802 ஏப்ரலில் பரங்கிமலைப் பக்கம், இந்தியாவை அளக்கும் பெரிய சர்வேயைத் தொடங்கிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி லாம்டன், நூறடி எஃகுச் சங்கிலியால் அதற்கான முதல் அளவான ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். சூட்டில் சங்கிலி நீளும் என்று வெப்பமானி வைத்துத் திருத்தம் போட்டார்கள். அதே சென்னை வெயிலுக்குப் பயந்து நான் செய்தது வேப்பமரத்தடியில் ஒதுங்கியது.

கோணத்தையும் தூரத்தையும் சேர்த்து அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், டிரோன் எல்லாம் வந்த பிறகும் ஆட்டோ லெவல் கதையா என்று சிலர் கேட்பார்கள். டோட்டல் ஸ்டேஷனும் தெரியும் ஐயா. அதில் ப்ரிஸம் கான்ஸ்டன்ட் (எதிரே வைக்கும் ப்ரிஸத்துக்கான திருத்தம்) 0-வா மைனஸ் 30 மி.மீ.-ஆ என்று பார்க்காமல் அளந்தால் ஒவ்வொரு தூரத்திலும் மூன்று சென்டிமீட்டர் போகும். திரையில் மூன்று தசமம் வரை அழகாக எண் வரும், பிழையும் அதற்குள்ளேயே இருக்கும். டிசைன் வேலை மட்டம் என்றும் நான் சொல்லவில்லை.

உங்களுக்கும் ஒன்று நடக்கும், முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சர்வே தெரியும் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் நிலத்தை அளக்கக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். பெரியப்பா கேட்டார் என்று போனேன், பட்டாவில் இருப்பதைவிட ஒன்றரை சென்ட் குறைவாக வந்தது. 653 சதுர அடியை நானே பக்கத்து நிலத்துக்காரனுக்கு எடுத்துக் கொடுத்த மாதிரி பேசினார். கட்டட சர்வே வேறு, நில எல்லை வேறு, புல வரைபடம் வைத்து அரசு சர்வேயர் அளந்தால்தான் செல்லும் என்று எவ்வளவோ சொன்னேன். என் தங்கை கல்யாணத்துக்கே அவர் வரவில்லை.

சரி, நாளைக்கு சைட்டுக்குப் போனதும் லெவல் பெட்டியைத் திறந்து கேலிபரேஷன் ஸ்டிக்கரில் என்ன தேதி இருக்கிறது என்று பாருங்கள். ஸ்டிக்கரே இல்லையென்றால் 60 மீட்டர் சமதரையும் இரண்டு ஆணியும் போதும். காலை ஏழு மணிக்கே முடித்துவிடுங்கள், வெயில் ஏறினால் ஸ்டாஃபில் எண்கள் ஆட ஆரம்பித்துவிடும்.