ஆல்பத்தை நம்பர் 1 ஆக்க நம் வீட்டுக் காசு எதற்கு?

கேள்வி: மகள் கல்லூரியில் படிக்கிறாள். ஒரு கொரியப் பாட்டுக் குழு என்றால் உயிர். அவர்களுடைய புது ஆல்பம் அமெரிக்க சார்ட்டில் முதலிடம் பிடிக்க வேண்டுமாம், அதற்காக வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு 2,000 ரூபாய் கேட்கிறார்கள். ஒரே ஆல்பத்தை நான்கு அட்டைப்படத்தில் டவுன்லோடாக விற்கிறார்களாம், நான்கையும் வாங்கணுமாம். ஜிபேயில் அனுப்பினால் அமெரிக்காவில் இருக்கும் ஒருவர் வாங்கிவிடுவாராம். கொடுக்கலாமா?
— ஓர் அம்மா, அஸ்தம்பட்டி

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா.

அமெரிக்க இசைப் பத்திரிகையான பில்போர்டு வெளியிடும் பில்போர்டு 200 என்கிற அந்த ஆல்பம் சார்ட், அமெரிக்காவுக்குள் நடக்கும் விற்பனையையும் அங்கே கேட்கப்படுவதையும் மட்டும்தான் கணக்கில் எடுக்கும். உங்கள் மகள் சேலத்தில் உட்கார்ந்து தன் சொந்த கார்டில் வாங்கினாலும் அந்தக் கணக்கில் ஏறாது. அதனால்தான் அங்கே ஓர் ஆளைப் பிடிக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் காசில் வாங்கிய ஆல்பம் யார் அக்கவுண்டில் இருக்கும்? அந்த ஆளுடைய அக்கவுண்டில். உங்கள் பெயரில் பில் கிடையாது, ஃபைல் கிடையாது, அவர் வாங்கினாரா இல்லையா என்று பார்க்கவும் வழி கிடையாது. பணம் போய்விட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதும் கஷ்டம், ஏனென்றால் நீங்கள் எந்தக் கடையிலும் எதையும் வாங்கவில்லை, முகம் தெரியாத ஒருவருக்குப் பணம் அனுப்பியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

டவுன்லோடு வாங்கச் சொல்லி ஏன் இவ்வளவு நெருக்குகிறார்கள் என்றால் அதற்கும் கணக்கு இருக்கிறது. 2014 டிசம்பரிலிருந்து அந்த சார்ட்டில் ஸ்ட்ரீமிங்கும், அதாவது வாங்காமல் ஆப்பில் கேட்பதும் சேர்ந்தது. அப்போது வைத்த கணக்கு, பாட்டை 1,500 தடவை கேட்டால் ஓர் ஆல்பம் விற்ற மாதிரி, தனித்தனியாகப் 10 பாட்டு டவுன்லோடு ஆனாலும் ஓர் ஆல்பம். 2018-ல் சந்தா கட்டிக் கேட்பதற்கும் சும்மா கேட்பதற்கும் வேறு வேறு மதிப்பு வைத்தார்கள். எப்படிப் பார்த்தாலும் காசு கொடுத்து ஒரு முறை வாங்கும் முழு ஆல்பம், குறைந்தது ஆயிரம் தடவை கேட்பதற்குச் சமம். டவுன்லோடு வாங்கச் சொல்லி நெருக்குவது இதனால்தான்.

இது இன்று நேற்று தொடங்கியதும் இல்லை. 2011 மே மாதம் அமெரிக்கப் பாடகி லேடி காகாவின் ஆல்பத்தை அமேசான் 99 சென்டுக்கு விற்றது, முதல் வாரத்தில் 11 லட்சத்துக்கு மேல் போனதில் 4 லட்சத்துக்கு மேல் அந்த விலையில் போனவை. அந்த வருடக் கடைசியிலேயே, வெளியான முதல் நான்கு வாரத்தில் 3.49 டாலருக்குக் கீழே விற்றால் கணக்கில் சேராது என்று பில்போர்டு விதி போட்டது. 2013-ல் ராப் பாடகர் ஜே-ஸீ ஆல்பத்தின் 10 லட்சம் பிரதிகளை சாம்சங் மொத்தமாக வாங்கித் தன் போன் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தது, அதைச் சேர்த்துக்கொள்ள பில்போர்டு மறுத்துவிட்டது. அப்புறம் டி-ஷர்ட்டோடும் கச்சேரி டிக்கெட்டோடும் ஆல்பத்தைக் கட்டிக் கொடுத்தார்கள், 2020-ல் அதற்கும் கடிவாளம் வந்தது. இப்போது ஒரே பாட்டுகளை நாலு அட்டையில் விற்கிறார்கள். விதி மாறும்போதெல்லாம் வேறு வழி வரும், ஒவ்வொரு வழியிலும் காசு ரசிகர் பையிலிருந்துதான் போகிறது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இந்த வழியெல்லாம் இல்லாமலும் முதலிடம் வரும்: 2013 டிசம்பரில் பாடகி பியான்சே முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆப்பிளின் பாட்டுக் கடையான ஐடியூன்ஸில் மட்டும் வெளியிட்ட ஆல்பம், அமெரிக்காவில் மூன்றே நாளில் 6 லட்சத்தைத் தாண்டியது. கேட்கணும் என்று ஆசைப்பட்டவர்கள் வாங்கினார்கள், அதனால் முதலிடம் வந்தது.

மகளைத் திட்டாதீர்கள், அந்தப் பிரியம் உண்மையானது. பில்போர்டு குளோபல் 200 என்று 2020-லிருந்து தனிப் பாடல்களுக்கு இன்னொரு சார்ட் இருக்கிறது, அதில் 200-க்கும் மேற்பட்ட நாடுகளும் பகுதிகளும் சேரும், இந்தியாவும் உண்டு. அவள் இங்கிருந்து கேட்பதற்கு அங்கே மதிப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள். வாங்கியே தீரணும் என்றால் பிடித்த அட்டையில் ஒன்றே ஒன்று, அவள் பெயரிலேயே.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எஸ்டேட்டில் வேலை. சிக்னல் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. ஆப்பில் சந்தா கட்டி டவுன்லோடு செய்து வைத்த பாட்டெல்லாம் திடீரென்று பாடவில்லை. காசு கட்டித்தானே எடுத்தேன்?

பதில்: கட்டிய காசு வாடகைக்கு. ஆப்பில் 'டவுன்லோடு' என்று போட்டிருந்தாலும் அந்தப் பாட்டு ஆப்புக்குள்ளேயே பூட்டிக் கிடக்கும், சந்தா நின்றால் அதுவும் நிற்கும். சந்தா இருந்தாலும் அவ்வப்போது நெட்டில் இணைய வேண்டும், ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒரு தடவையாவது. எப்படியும் சேலத்துக்கு இறங்குவீர்கள், பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஆப்பைத் திறந்து நெட்டில் இணைத்துவிட்டு மேலே ஏறினால் இந்தத் தொல்லை குறையும்.

சொந்தமாக வேண்டுமென்றால் ஃபைலாக விற்கும் கடையில் வாங்குங்கள். ஐடியூன்ஸ் ஸ்டோர் இந்தியாவுக்கு 2012 டிசம்பரில் வந்தது, அதில் வாங்கும் பாட்டுக்குப் பூட்டு கிடையாது, பென் டிரைவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பேண்ட்கேம்ப் என்கிற இணையதளத்தில் எம்பி3, ஃப்ளாக் என்று வேண்டிய வடிவில் கிடைக்கும், ஆனால் சினிமாப் பாட்டை அங்கே தேடாதீர்கள். ஐந்து நிமிடப் பாட்டு நல்ல தரத்தில் 10 எம்பிக்குள் அடங்கிவிடும், 32 ஜிபி பென் டிரைவில் 3,000 பாட்டு வரை கொள்ளும்.

வாங்கிய அன்றே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். ஃபிளிப்கார்ட் 2012-ல் ஃப்ளைட் என்று எம்பி3 கடை திறந்து அடுத்த வருடமே மூடியது. வாங்கியதை எடுத்துக்கொள்ள ஆகஸ்ட் வரை நேரம் கொடுத்தார்கள், அதற்குள் எடுத்தவர்களிடம் பாட்டு இன்னும் இருக்கும்.

கேள்வி: காசு கட்டியும் டவுன்லோடு லிங்க் வரவில்லை. சேலத்திலேயே புகார் கொடுக்க முடியுமா? — செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: முடியும். 2019 நுகர்வோர் சட்டப்படி ஆன்லைனில் வாங்கியவரும் நுகர்வோர்தான், நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து பதிவு செய்யுங்கள். விற்றது வெளிநாட்டுக் கடை என்றால் ஆணையம் வழியாகப் பணம் வாங்குவது இழுக்கும், கார்டில் கட்டியிருந்தால் பொருள் வரவில்லை என்று வங்கியில் உடனே எழுதிக் கொடுங்கள். ஆர்டர் மெயிலையும் பணம் போன எஸ்எம்எஸ்ஸையும் அழித்துவிடாதீர்கள்.