மடிப்புக் கோடுகள் உள்ள பிரெஞ்சுச் சுவரொட்டி அசல்தானா?

வணக்கம். 1930களின் பிரெஞ்சுத் திரைப்படச் சுவரொட்டி என்று விற்பனைக்கு வந்திருப்பதில் மடிப்புக் கோடுகள் இருப்பதால் வாங்கத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்காகத் தயங்க வேண்டாம். 120க்கு 160 செ.மீ. அளவுள்ள பெரிய சுவரொட்டிகளை அக்காலத்தில் மடித்துத்தான் திரையரங்குகளுக்கு அனுப்பினார்கள்.

உருப்பெருக்கியை வைத்து நடிகையின் கன்னத்தைப் பாருங்கள்: அசலாக இருந்தால், கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்சிடும் முறையில்) பதிந்த வண்ணம் ஒழுங்கற்ற மணிமணியாக, ஓவியர் கையால் தீற்றியது அப்படியே தெரியும், இவற்றின் அழகே அந்த உயிர்ப்பில்தான் இருக்கிறது. சீரான புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது பெரும்பாலும் பிற்கால மறுபதிப்பாகவே இருக்கும். பிரான்சின் 1881ஆம் ஆண்டு அச்சுச் சட்டப்படி அச்சகத்தின் பெயரும் ஊரும் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் மறுபதிப்பிலும் அந்த வரி அப்படியே வந்துவிடக்கூடும் என்பதால் அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

வாங்கியபின் தயவுசெய்து இஸ்திரி போடவோ லேமினேஷன் செய்யவோ வேண்டாம். மாவுப்பசையால் துணியில் ஒட்டித் தரத் தெரிந்த காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள்.