54க்குப் பக்கத்தில் 4: நியூயார்க் தீயணைப்பு வண்டிகளின் எண் கணக்கு

கேள்வி: நியூயார்க்கில் ஒரே தீயணைப்பு நிலையத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் மேல் 54 என்றும் மற்றொன்றின் மேல் 4 என்றும் எழுதியிருந்ததைப் பார்த்தேன். அந்த ஊரில் வண்டிகளுக்கு எந்தக் கணக்கில் எண் கொடுக்கிறார்கள்?

நான் தீயணைப்புத் துறைக்காரன் அல்ல, கணக்கு எழுதிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்வி என் வீட்டில் பல மாதங்கள் ஓடிய கேள்வி. நியூயார்க்கின் குயின்ஸில் ஃப்ளஷிங் பகுதியில் குடியிருந்தபோது, பவுன் தெருப் பிள்ளையார் கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் யூனியன் தெருவில் இருக்கும் தீயணைப்பு நிலையத்தின் முன்னால் என் மகன் நின்றுவிடுவான். கேன்டீனில் தோசை வரிசை நீண்டுவிடும் என்று சொல்லிக் கையைப் பிடித்து இழுத்தாலும் நகர மாட்டான். அங்கே இன்ஜின் 273, லேடர் (ஏணி வண்டி) 129 என்று இரண்டு. அவனுக்கு அப்போது ஐந்து வயது, எண்களின் மேல் பைத்தியம். "273க்குப் பக்கத்தில் 274தானே நிற்க வேண்டும்? 129 இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டான். அவனுக்குப் பதில் சொல்வதற்காகத் தேடத் தொடங்கி, பிறகு எனக்கே அது ஒரு பித்தாகப் பிடித்துக்கொண்டது.

54 என்பது வண்டியின் எண் என்றுதான் நாம் எல்லோரும் நினைக்கிறோம். நிலையத்தின் எண் என்றும் சிலர் நினைப்பதுண்டு. இரண்டும் இல்லை. அது ஒரு குழுவின் எண். அந்தக் குழுவை அங்கே கம்பெனி என்கிறார்கள், பட்டாளத்தில் கம்பெனி என்று சொல்வதைப் போல. ஒரு அதிகாரி, அவருக்குக் கீழே வீரர்கள், அவர்களுக்கென்று ஒரு வண்டி, ஒரு பதிவேடு, ஒரு பெயர். இன்ஜின் கம்பெனியின் வேலை தண்ணீர்: குழாயை இழுத்துக்கொண்டு போய்த் தீயின் மேல் அடிப்பது. லேடர் கம்பெனியின் வேலை கதவை உடைப்பது, உள்ளே சிக்கியவர்களைத் தேடுவது, கூரையில் துளை போட்டுப் புகையை வெளியேற்றுவது. லேடர் வண்டியிலிருந்து தண்ணீர் பாய்ச்சிக் கட்டிடத் தீயை அணைப்பதாக நாம் கற்பனை செய்துகொள்வது பெரும்பாலும் தவறு. இரண்டும் வெவ்வேறு தொழில், ஆகவே இரண்டுக்கும் தனித்தனிப் பேரேடு. இரண்டு பேரேடும் 1இலிருந்து தொடங்குகின்றன.

அதனால்தான் டைம்ஸ் சதுக்கத்துக்குப் பக்கத்தில், எட்டாவது அவென்யூவில், நீங்கள் பார்த்த இன்ஜின் 54உம் லேடர் 4உம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. கூடவே பட்டாலியன் 9 என்று ஒரு மேலதிகாரியின் காரும் நிற்கும். அது மூன்றாவது பேரேடு. மேற்கு 31ஆம் தெருவில் இன்ஜின் 1க்குத் துணையாக இருப்பது லேடர் 24. உலக வர்த்தக மையத்துக்கு எதிரில், லிபர்ட்டி தெருவில் மட்டும் இன்ஜின் 10, லேடர் 10 என்று ஜோடிப் பொருத்தம் அமைந்திருக்கிறது. அந்த நிலையத்தை டென் ஹவுஸ் என்றே அழைக்கிறார்கள்.

இந்த எண் மனிதர்களுடையது என்பதை அவர்களுடைய தலைக்கவசத்தில் பார்க்கலாம். முன்புறம் ஒரு தோல் வில்லை இருக்கும், அதில் கம்பெனி எண். இன்ஜின்காரர்களுக்கு வில்லை கறுப்பு, லேடர்காரர்களுக்குச் சிவப்பு. வானொலியிலும் அப்படித்தான். லேடர் 4இல் கூரைக்கு ஏறும் ஆள் தன் பெயரைச் சொல்வதில்லை, "லேடர் 4 ரூஃப்" என்கிறார். கம்பெனி எண், அன்றைய பொறுப்பு, இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வேலை நேரத்தில் அவருடைய பெயர்.

சரி, 273 என்ற எண் எங்கிருந்து வந்தது? நகரத்தில் 273 இன்ஜின்கள் இருக்கின்றனவா? இல்லை. இன்ஜின் எண்கள் 330ஐத் தாண்டிப் போகின்றன, ஆனால் இன்று இயங்கும் இன்ஜின் கம்பெனிகள் சுமார் 200தான். இடையில் பெரிய பெரிய ஓட்டைகள். அந்த ஓட்டைகளில்தான் நகரத்தின் வரலாறு ஒளிந்திருக்கிறது.

1865 வரை நியூயார்க்கில் தீயணைப்பது தொண்டர்களின் வேலை. அவர்களுக்கும் எண் உண்டு. எண்ணுக்காக அடித்துக்கொள்வதும் உண்டு. எந்தக் குழு முதலில் தண்ணீர்க் குழாயைப் பிடிப்பது என்று தெருவில் கைகலப்பு நடக்கும், வீடு ஒரு பக்கம் எரிந்துகொண்டிருக்கும். நகர அரசியலையே பின்னாளில் கைக்குள் வைத்திருந்த வில்லியம் ட்வீட், அமெரிக்கஸ் 6 என்ற தொண்டர் குழுவிலிருந்து மேலே வந்தவர். 1865இல் சம்பளத் துறை வந்தது, மன்ஹாட்டனில் எண்கள் மறுபடியும் 1இலிருந்து தொடங்கின. ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரூக்ளின் அப்போது தனி நகரம். 1869இல் அதுவும் தனக்கென்று சம்பளத் துறை அமைத்து, அங்கேயும் இன்ஜின் 1, இன்ஜின் 2 என்று எண்ணத் தொடங்கியது.

1898இல் மன்ஹாட்டன், புரூக்ளின் எல்லாம் ஒரே நகரமாக இணைந்தபோது தலைவலி வந்தது. ஒரே துறையில் இரண்டு இன்ஜின் 5, இரண்டு லேடர் 1. தீர்வாக, 1899இல் புரூக்ளின் பக்கத்து இன்ஜின் எண்களோடு 100ஐக் கூட்டினார்கள், லேடர் எண்களோடு 50ஐக் கூட்டினார்கள். அதுவும் போதவில்லை. 1913இல் மறுபடியும் இன்ஜினுக்கு 100, லேடருக்கு 50. ஆக புரூக்ளினின் பழைய இன்ஜின் 5 முதலில் 105 ஆகி, பிறகு 205 ஆனது. பழைய லேடர் 18 முதலில் 68, பிறகு 118. சென்னையில் கதவிலக்கத்தைக் கேட்டால் பழைய எண், புதிய எண் என்று இரண்டு சொல்வோமே, அதே கதைதான். நம் தபால்காரர் படும் பாட்டை அவர்கள் மணிக்கூண்டுக் காலத்திலேயே பட்டுவிட்டார்கள்.

இந்த ஒரு கணக்கு தெரிந்துவிட்டால் வண்டியைப் பார்த்தவுடன் ஊரைச் சொல்லிவிடலாம். இன்ஜின் எண் 100க்குள் இருந்தால் மன்ஹாட்டன் அல்லது பிராங்ஸ். 150, 160களில் இருந்தால் ஸ்டேட்டன் தீவு. 201இலிருந்து மேலே போனால் புரூக்ளின் அல்லது குயின்ஸ். லேடரில் 100க்கு மேல் என்றாலே புரூக்ளின், குயின்ஸ்தான். என் மகனின் 273, 129 இரண்டும் இந்தச் சூத்திரத்தில் அடங்கிவிட்டன. அவனுக்கு மிகவும் பிடித்த எண் ஆனால் வேறொன்று. புரூக்ளினின் ரெட் ஹூக் பகுதியில் இருக்கும் லேடர் 101. தாத்தா வீட்டில் தீப்பிடித்தால் அழைக்க வேண்டிய எண் அது என்று நான் அவனிடம் சொல்லிவைத்திருந்தேன். அந்த லேடரே கிளம்பி மதுரைக்கு வந்துவிடும் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தான்.

லேடர் 118 என்று மேலே சொன்னேன். அந்த எண்ணை வேறொரு காரணத்துக்காக உலகமே பார்த்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று, பின்னணியில் இரட்டைக் கோபுரங்கள் எரிந்துகொண்டிருக்க, புரூக்ளின் பாலத்தின் மேல் ஒரு சிவப்பு வண்டி தனியாக மன்ஹாட்டனை நோக்கிப் போகும் புகைப்படம் ஒன்று உண்டு. அது லேடர் 118. அதில் போன ஆறு பேரும் திரும்பவில்லை. வண்டியும் நொறுங்கிப்போனது. ஆனால் லேடர் 118 இன்றும் இருக்கிறது, பாலத்துக்குப் பக்கத்தில் அதே மிடாஹ் தெருவில், இன்ஜின் 205உடன். வண்டியும் வேறு, ஆட்களும் வேறு, எண் அதே. அன்று இறந்த நியூயார்க் தீயணைப்புத் துறையினர் மொத்தம் 343 பேர். அந்த எண்ணில் எந்த வண்டியும் கிடையாது. 2010இல் பணிக்கு வந்த தீயணைப்புப் படகு ஒன்றுக்கு மட்டும் த்ரீ ஃபார்ட்டி த்ரீ என்று பெயர் வைத்தார்கள்.

ஓட்டைகள் என்று சொன்னேனே, அவை பெரும்பாலும் மூடப்பட்ட கம்பெனிகள். இன்ஜின் 31 என்று மன்ஹாட்டனில் இன்று எதுவும் இல்லை, 1972இல் கலைத்துவிட்டார்கள். ஆனால் லஃபாயெட் தெருவில் அதன் பழைய நிலையம் பிரெஞ்சு அரண்மனை போல இன்னும் நிற்கிறது. அந்த ஊருக்குப் போனால் பார்த்துவிட்டு வாருங்கள், தீயணைப்பு நிலையத்துக்கு எதற்கு இத்தனை கூம்புக் கோபுரம் என்று வியப்பீர்கள்.

எனக்குப் பிடித்தது இன்ஜின் 212இன் கதை. புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க் பகுதியில், போலந்து நாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்திருந்த நார்த்சைடில் இருந்தது. 1975இல் நகரத்திடம் பணம் இல்லை, பல கம்பெனிகளை மூட முடிவு செய்தார்கள், 212உம் அந்தப் பட்டியலில் இருந்தது. அக்கம்பக்கத்தார் நிலையத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டார்கள். வண்டியை வெளியே விடவில்லை. ஓராண்டுக்கும் மேலாக முறை வைத்து அங்கேயே தங்கினார்கள், சமைத்தார்கள், தூங்கினார்கள். கடைசியில் நகர நிர்வாகம் இறங்கிவந்தது. மக்கள் தீயணைப்பு நிலையம் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. 2003இல் மறுபடியும் ஆறு இன்ஜின் கம்பெனிகளை மூடியபோது 212 தப்பவில்லை. அன்று அதோடு போனவை 36, 204, 209, 261, 278. இவற்றை எண்ணிப் பார்த்தால் வெறும் எண்கள். அந்தந்தத் தெருக்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள்.

எண்ணை மாற்றாமல் வேலையை மாற்றியதும் உண்டு. ஸ்குவாட் என்று ஒரு வகை, இன்ஜின் வேலையும் மீட்பு வேலையும் சேர்ந்தது. குயின்ஸின் மாஸ்பெத்தில் இருக்கும் ஸ்குவாட் 288 முன்பு இன்ஜின் 288. ஸ்குவாட் பேரேட்டில் 287 பேர் முன்னால் இருக்கிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், மொத்தமே ஒரு கைவிரல்களைச் சற்றுத் தாண்டும் அளவுதான். மீட்புக்கென்றே இருக்கும் ரெஸ்க்யூ கம்பெனிகள் மட்டும் ஒழுங்குப் பிள்ளைகள்: 1915இல் தொடங்கிய ரெஸ்க்யூ 1 மன்ஹாட்டனில், 2 புரூக்ளினில், 3 பிராங்ஸில், 4 குயின்ஸில், 5 ஸ்டேட்டன் தீவில். ஆம்புலன்ஸ்களுக்கு எண்ணோடு ஒரு எழுத்தும் சேர்ந்து வரும், அதற்குள் நான் போகவில்லை.

எல்லா ஊரிலும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். லாஸ் ஏஞ்சலிஸில் நிலையத்தின் எண்தான் வண்டியின் எண். 9ஆம் நிலையத்தில் இன்ஜின் 9, டிரக் 9, ஆம்புலன்ஸ் 9. டிரக்கோடு சேர்ந்து போகும் கூடுதல் இன்ஜினுக்கு 209, அடிப்படைச் சிகிச்சை ஆம்புலன்ஸுக்கு 809. கடைசி இலக்கங்களைப் பார்த்தால் வீடு தெரிந்துவிடும். அரிசோனாவின் ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் இன்னும் ஒரு படி மேல். பக்கத்துப் பக்கத்து ஊர்கள் ஒன்றின் தீக்கு மற்றொன்று ஓடிவரும் ஏற்பாடு அங்கே உண்டு. ஊருக்கு ஒரு இன்ஜின் 1 இருந்தால் வானொலியில் குழப்பம். ஆகவே எண்களைப் பங்கு பிரித்துக்கொண்டார்கள்: மெசாவுக்கு 200களின் தொடக்கம், டெம்பிக்கு 270கள், ஸ்காட்ஸ்டேலுக்கு 600கள். லண்டனில் எழுத்தும் எண்ணும்: சோஹோ நிலையம் ஏ24, அதன் முதல் வண்டி ஏ241, இரண்டாவது ஏ242. கணக்கு எழுதுகிறவன் என்ற முறையில் இவையெல்லாம் எனக்குப் பிடிக்க வேண்டும். பிடிக்கவும் செய்கிறது. ஆனால் அந்த எண்களில் வீட்டு முகவரிக்கு மேல் எதுவும் இல்லை, நியூயார்க்கின் அலங்கோலத்தில் ஒரு நகரம் இன்னொன்றை விழுங்கிய கதை இருக்கிறது.

அப்படியானால் நியூயார்க்கில் வண்டிக்கென்று எண்ணே இல்லையா? இருக்கிறது, நம் கண்ணில் படும்படி இல்லை. பணிமனைக் கணக்குக்காக ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு குறியீடு உண்டு. சீக்ரேவ் நிறுவனம் செய்த பம்பர், அதாவது தண்ணீர் இறைக்கும் இன்ஜின் வண்டி என்றால் எஸ்.பி. என்று தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, பிறகு வரிசை எண். சிறிய எழுத்தில் இருக்கும். வண்டி பழுதானால் லாங் ஐலண்ட் சிட்டியில் இருக்கும் பணிமனைக்குப் போய்விடும், கம்பெனி ஒரு மாற்று வண்டியில் ஏறிக்கொள்ளும்.

அப்படி ஒரு மாற்று வண்டி நின்ற நாளில் நாங்கள் யூனியன் தெரு வழியாகப் போனோம். கதவு திறந்திருந்தது. சற்றுப் பழைய வண்டி, வழக்கமான எழுத்தைக் காணோம், எண்ணைத் தனியாக ஒரு பலகையில் மாட்டியிருந்தார்கள். என் மகன் வாசலில் நின்று, இது 273 அல்ல, பொய் என்று உரக்க அறிவித்தான். எனக்குக் கூச்சமாகிவிட்டது. உள்ளே பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தபடி எழுந்துவந்தார். ஒன்றும் விளக்கவில்லை. மாட்டியிருந்த தலைக்கவசத்தை எடுத்து, முன்னால் இருந்த கறுப்பு வில்லையை அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அவன் இரண்டு, ஏழு, மூன்று என்று விரல் வைத்துப் படித்துவிட்டு, போகலாம் என்று என் கையைப் பிடித்தான்.