மாடிக் கீரையைத் தெருமுனைக் கடை வாங்குமா?

கேள்வி: அம்பத்தூரில் சொந்த வீடு. 400 சதுர அடி மொட்டை மாடியில் தக்காளி, கத்தரி, வெண்டை வளர்க்கிறேன். வீட்டுக்குப் போக மிஞ்சுவதைத் தெருமுனைக் காய்கறிக் கடையில் கொடுக்கலாம் என்று கேட்டால், 'கோயம்பேட்டு விலைக்குத் தருவீர்களா?' என்கிறார் கடைக்காரர். கட்டுப்படியாகுமா? உரிமம் ஏதும் வேண்டுமா?

பதில்: தக்காளியில் கட்டுப்படியாகாது. கோலாரிலிருந்தும் மதனப்பள்ளியிலிருந்தும் லாரி லாரியாக வந்து இறங்கும் சரக்கோடு தொட்டிச் செடி மோத முடியாது. அது உங்கள் வீட்டுக் குழம்புக்கே இருக்கட்டும். காலை பத்து மணிக்கு அந்தக் கடையில் எது வாடிக் கிடக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கீரையும் புதினாவுமாகத்தான் இருக்கும். அவற்றைக் கொடுங்கள். கறிவேப்பிலையை நம்பி இறங்க வேண்டாம். கொசுறாகப் போகும் பொருளுக்கு நல்ல விலை கொடுக்கக் கடைக்காரருக்கு மனம் வராது.

ஒரே நாளில் ஐம்பது கட்டு கொண்டுபோய் இறக்கிவிட்டு, அடுத்த மூன்று வாரம் கையை விரித்தால் அவர் பழைய வியாபாரியிடமே போய்விடுவார். வரத்து தவறக் கூடாது. சிறுகீரையும் முளைக்கீரையும் ஏறக்குறைய 25 நாளில் பறிப்புக்கு வரும். மூன்று நாளுக்கு ஒரு பாத்தி என்று விதைத்தால் ஒன்பது பாத்திகளில் சுழற்சி முடிந்துவிடும். 4 அடிக்கு 2 அடி, அரை அடி ஆழப் பைகள் என்றால் மொத்தம் 72 சதுர அடிதான்.

அந்தப் பையை முழுக்கச் செம்மண்ணால் நிரப்பிவிடாதீர்கள். நனைந்தால் ஒரு பையே 200 கிலோவை நெருங்கும். உப்பு போக அலசிய தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, மண் ஒரு பங்கு போதும். பைகளைச் சுவரோரமாக வையுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். முளைப்பதற்குள் எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும். பலர் விதைக் கடைக்காரரைத் திட்டுவது இதனால்தான். பாத்தியைச் சுற்றி வேப்பம் பிண்ணாக்குத் தூள் போடுங்கள். அக்னி நட்சத்திரத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். கொத்தமல்லியை அப்போது விதைக்கவே வேண்டாம், இலை பெருகும் முன்பே பூத்துவிடும்.

விடியற்காலையில் வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, வேர் மட்டும் நனையும்படி வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். கடைக்கு ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோகலாம். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டினால் சூடேறி அழுகும்.

இனி உரிமம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம், விவசாயியின் கையில் இருக்கும் பச்சை விளைபொருளைத் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. மாடியில் வளர்ப்பவரும் விவசாயிதானா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, அதே சட்டத்தின்கீழ் சிறு உணவு வணிகருக்கான பதிவை இணையத்தில் செய்துவிடுவது நிம்மதி, கட்டணம் சொற்பம். ஆனால் கடையில் 'ஆர்கானிக்' என்று எழுதி வைக்க விடாதீர்கள். அதற்கு என்.பி.ஓ.பி. (தேசிய இயற்கை வேளாண் உற்பத்தித் திட்டம்) சான்றோ, விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவரையொருவர் சரிபார்த்து வாங்கும் பி.ஜி.எஸ். சான்றோ வேண்டும். 'இன்று காலை பறித்தது' என்று எழுதச் சொல்லுங்கள், உண்மையும் அதுதானே.

மாலையில் மிஞ்சும் கட்டு யார் கணக்கு என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். ஆரம்பத்தில் அதை நீங்கள் ஏற்றுக்கொள்வதே நல்லது. எத்தனை கட்டு விற்கும் என்பது அதில்தான் பிடிபடும். மாதக் கணக்கு வேண்டாம். கீரைக் காசு சில்லறைக் காசு, அன்றன்றே வாங்காவிட்டால் இருவருக்கும் மறந்துபோகும்.