மாதத்துக்கு ஒரு நிறத்தில் கீழாநெல்லிப் பொடி

கேள்வி: புதுச்சேரியில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் கீழாநெல்லிப் பொடி வாங்குகிறேன். ஒரு மாதம் பச்சை, மறுமாதம் பழுப்பு. வாயில் போட்டால் நறநறவென்கிறது. இதற்கெல்லாம் தரம் பார்ப்பவர்கள் உண்டா? மகன் ஓமியோபதி சாப்பிடுகிறான், அதுவும் செடிதானே?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: நறநறப்பைத்தான் முதலில் சொல்ல வேண்டும் அம்மா. மூலிகை சோதிக்கும் வேலையில் என் பாதிப் பொழுது மண்ணோடுதான் போயிற்று. கீழாநெல்லியை வேரோடு பிடுங்குவார்கள். உதறாமல் காயவைத்தால் மண்ணும் எடைக்கு ஏறும். நாங்கள் பொடியை உலையில் சுட்டு, அந்தச் சாம்பலை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்க வைப்போம். செடியின் உப்புகள் கரைந்துவிடும். அடியில் தங்குவது பெரும்பாலும் மணல். அது எவ்வளவு வரை இருக்கலாம் என்று சித்த, ஆயுர்வேத மருந்துத் தரநூல்கள் மூலிகைவாரியாக வரம்பு கட்டியிருக்கின்றன. ஈயத்துக்கும் வரம்பு உண்டு: பத்து லட்சத்தில் 10 பங்கு. சாக்கடை ஓரத்துச் செடியை எவ்வளவு கழுவினாலும் உள்ளே ஏறிய ஈயம் போகாது.

நிறம் மாறுவது வெயிலில் காய்ந்ததாலோ பழைய சரக்கு என்பதாலோ இருக்கலாம். எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அது கீழாநெல்லிதானா என்பது. தென்னிந்தியாவில் 25 கடைச் சரக்கைச் சோதித்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறக்குறைய நாலில் ஒரு கடையில் அதன் பங்காளிச் செடிகள் இருந்தன. பொடியாக்கிவிட்டால் நுண்ணோக்கி இல்லாமல் நானும் சொல்ல முடியாது. அதனால் காய்ந்த முழுச் செடியாக வாங்கி வீட்டில் இடியுங்கள். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக இருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. இலை நுனி அகன்று அடி குறுகியிருந்தால் மேலாநெல்லி. இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

ஓமியோபதியில் செடியைச் சாராயத்தில் ஊறவைத்து மதர் டிங்சர் எடுக்கிறார்கள். அதற்கும் தரநூல் உண்டு. முதல் தொகுதி 1971-இல் வந்தது. மதர் டிங்சரைச் சோதிக்கலாம். ஆனால் மருந்தாக்க அதைத் திரும்பத் திரும்ப நீர்ப்பார்கள். நூற்றுக்கு ஒன்றாகப் பன்னிரண்டு முறை நீர்த்த பிறகு செடியின் ஒரு மூலக்கூறு மிஞ்சுவதே அரிது. குப்பியில் என்ன சோதிப்பது? ஆக, தரம் பார்ப்பதெல்லாம் செடியிலும் டிங்சரிலும் முடிந்துவிட வேண்டும். குப்பியிலும், பொட்டலமாக விற்கும் சூரணத்திலும், உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றையும் பாருங்கள்.

காமாலைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பொடி அப்புறம்.