எந்தச் செல்லை எண்ணினீர்கள்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நோயெதிர்ப்பியலில் முனைவர் பட்டம் முடியப்போகிறது. கார்-டி செல் (புற்றுச்செல்லை அடையாளம் காணும் ‘கார்’ என்ற செயற்கை ஏற்பியைப் பொருத்திய நோயெதிர்ப்பு டி செல்) ஆய்வில் போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) செய்ய இரண்டு அழைப்புகள்: ஒன்று பெரிய ஆய்வகம், மற்றது நாலு பேர் மட்டுமே உள்ளது. எதை ஏற்பது? சிடி19-க்கு (சில ரத்தப் புற்றுச்செல்களின் மேலிருக்கும் புரதம்) நான் வடிவமைத்த புதிய கார், டி செல்லும் புற்றுச்செல்லும் 1:1 விகிதத்தில் இருக்க, 18 மணி நேரத்தில் பழையதைப்போல் இருமடங்கு புற்றுச்செல்களைக் கொல்கிறது. இதைக் காட்டிச் சம்பளம் கூட்டிக் கேட்கலாமா?

ம.

அன்புள்ள ம,

சம்பளத்தை விடுங்கள். அந்த ‘இருமடங்கு’தான் என்னை எழுத வைத்தது. இப்படிப்பட்ட ஒப்பீடுகளைப் பற்றித்தான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

1:1 என்கிறீர்களே, எந்தச் செல்லை எண்ணினீர்கள்? காரின் மரபணுவைச் சுமந்துசெல்லும் லென்டிவைரஸ் எல்லா டி செல்லுக்குள்ளும் போவதில்லை. புதியதில் 60 சதவீதம், பழையதில் 30 சதவீதம் கார் ஏறியிருந்தால், மொத்தச் செல்லை எண்ணிக் கலக்கும்போது ஒரு பக்கம் இருமடங்கு ஆட்களை நிறுத்திவிடுகிறீர்கள். முனைவர் பட்டம் வாங்கப்போகிறவர் இதைக் கவனிக்காமல் விடலாமா? நாளை ஒரு நோயாளியின் ரத்தத்தில் ஏறவேண்டிய செல் இது.

60 சதவீதச் செல்லோடு, அதே டோனரின் (ரத்தம் கொடுத்தவரின்) கார் ஏற்றாத செல்லைச் சம அளவு சேர்த்தால் 30 ஆகிவிடும். கார் ஏற்றாததையும் அதே நாளில், டி செல்லைத் தூண்டும் அதே நுண்மணிகளால் தூண்டி வளர்த்திருக்க வேண்டும். ஆனால் இது எண்ணிக்கையை மட்டுமே சரிசெய்யும். வைரஸ் கூடினால் ஒரே செல்லில் இரண்டு மூன்று பிரதிகள் புகும், ஏற்பியும் அடர்த்தியாகும். ஆகவே முதலில் வைரஸின் அளவைக் குறைத்து இரண்டையும் 30-க்கு அருகே கொண்டுவாருங்கள். மிஞ்சும் வித்தியாசத்துக்கு மட்டும் கலப்பு. ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவியில்) சதவீதத்தோடு, ஏற்பியின் அடர்த்தியைக் காட்டும் பிரகாசத்தையும் பாருங்கள்.

கார் ஏற்றாத செல்லைத் தனியாகவும் புற்றுச்செல்லோடு விடுங்கள். எச்எல்ஏ (ஆளுக்கு ஆள் மாறும், செல்லின் அடையாளப் புரதம்) பொருந்தாததால் அதுவே கொஞ்சம் கொல்லும். கொல்வது சிடி19-ஐப் பார்த்துத்தானா என்று தெரிய, சிடி19 நீக்கிய புற்றுச்செல்லும் ஒரு வரிசையில் இருக்கட்டும். ஒரே டோனரின் மூன்று வெல்கள் (சோதனைத் தட்டின் குழிகள்) மூன்று சோதனை ஆகாது. மூன்று டோனராவது வேண்டும்.

18 மணி நேரத்தில் களைப்பும் தெரியாது. சில கார்கள் எதிரியே இல்லாதபோதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சமிக்ஞை விட்டுச் சோர்ந்துபோகும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிய புற்றுச்செல்லைக் கொடுத்து, எத்தனையாவது சுற்றில் நிற்கிறது என்று பாருங்கள்.

ஆய்வகம் பெரிதா சிறிதா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டு இடத்திலும் உங்கள் தரவைக் காட்டுங்கள். “கார் ஏற்றாத கன்ட்ரோல் எங்கே?” என்று முதலில் கேட்கும் இடத்துக்குப் போங்கள்.

உங்கள் உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை, மனம் தளரவேண்டாம். உறையவைத்த குழாய்கள் மிச்சமிருக்கும். கார் ஏற்றாததையும் சேர்த்து எடுங்கள். உருக்கியபின் ஓரிரவு ஓய்வு கொடுத்து, உயிருள்ளவற்றையும் கார் சதவீதத்தையும் அன்றே அளந்துவிட்டுக் கலக்குங்கள்.