டிராவலர் விளையாட்டு: எந்தப் பதிப்பை வாங்குவது?

வாசகர் கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை வீசிக் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை இரண்டு ஆண்டுகளாக விளையாடிவருகிறோம். இனி அதே வகையில், விண்வெளிக் கதைக்களம் கொண்ட டிராவலர் விளையாட விரும்புகிறோம். இணையத்தில் ஒருவர் பழைய கறுப்பு அட்டைப் புத்தகங்கள் மூன்று, மெகாடிராவலர் பெட்டி ஒன்று, ஹை கார்டு (High Guard) என்ற நூல் ஆகியவற்றைச் சேர்த்து 14,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தும் என்கிறார். கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகனோ ஐந்தாம் பதிப்புதான் புதியது, அதையே வாங்கு என்கிறான். எதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். ஐவர் உட்கார்ந்து விளையாடுவதற்கு உங்களுக்குத் தேவை ஒரே ஒரு நூல்தான். இங்கிலாந்தின் ஸ்விண்டனில் இயங்கும் மங்கூஸ் பதிப்பகம் 2022-இல் புதுப்பித்து வெளியிட்ட அடிப்படை விதிநூலே அது. ஏன் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன், அந்த விற்பனையாளருக்கு இன்னும் பணம் அனுப்பவில்லை என்றால் அனுப்பாதீர்கள்.

டிராவலர் 1977-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இருந்த கேம் டிசைனர்ஸ் ஒர்க்‌ஷாப் என்ற சிறு நிறுவனத்திலிருந்து வந்தது. வடிவமைத்தவர் மார்க் மில்லர். அதற்குப் பிறகு விதிகளை அடியோடு மாற்றிய பதிப்புகளும், சற்றே ஒழுங்குபடுத்திய பதிப்புகளும், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு வேறு நிறுவனங்களின் விதிமுறையில் எழுதப்பட்ட பதிப்புகளும் வந்தன. அட்டையில் எல்லாவற்றுக்கும் பெயர் டிராவலர்தான். எல்லாம் பொருந்தும் என்று விற்பனையாளர்கள் கூசாமல் சொல்ல முடிவது இந்தப் பெயர் ஒற்றுமையால்தான்.

பொருந்துமா பொருந்தாதா என்பதை நீங்களே சோதித்துக்கொள்ள ஓர் எளிய வழி இருக்கிறது. கைத்திறன் 9, துப்பாக்கித் திறன் 1 உள்ள ஒரு பாத்திரம் சுடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பகடைகளை வீசுகிறீர்கள், கூட்டுத்தொகை 4. மங்கூஸ் விதிப்படி கைத்திறன் 9-க்கு ஒன்று, துப்பாக்கித் திறனுக்கு ஒன்று சேர்த்தால் 6. வெற்றிக்கு 8 வேண்டும் என்பதால் குறி தப்பியது. அதே 4-ஐ 1996-இல் வந்த நான்காம் பதிப்பில் இரண்டு பகடைகளால் செய்யும் செயலுக்கு வீசியிருந்தால், கைத்திறனையும் திறன் எண்ணையும் கூட்டிய 10-க்கு அது குறைவு என்பதால் குறி தப்பாது. ஒன்றில் அதிகமாக விழுந்தால் நல்லது, மற்றொன்றில் குறைவாக விழுந்தால் நல்லது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பும் குறைவாக விழ வேண்டும் என்ற இந்தக் கட்சியைச் சேர்ந்ததுதான். 1993-இல் வந்த நியூ எரா இருபது முகப் பகடைக்குப் போய்விட்டது. 1998-இல் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் வெளியிட்ட கர்ப்ஸ் டிராவலர் மூன்று பகடைகளை வீசச் சொல்கிறது. இவ்வளவும் எப்படி ஒரே மேசையில் பொருந்தும்?

உண்மையில் எளிதாகப் பொருந்துபவை 1977, 1981 ஆண்டுகளில் கறுப்பு அட்டையோடு வந்த பழைய பதிப்பும் மங்கூஸ் பதிப்புகளும்தான். இரண்டிலும் இரண்டு ஆறுமுகப் பகடைகள், கூடுதலாக விழுந்தால் வெற்றி, 8 என்பது பெரும்பாலும் மைய எண். இன்னும் முக்கியமானது, இரண்டும் ஒரே குறியீட்டு மொழியைப் பேசுகின்றன. ஒரு பாத்திரத்தை 7A8965 என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்: வலிமை 7, கைத்திறன் 10, தாங்குதிறன் 8, அறிவு 9, கல்வி 6, சமூக நிலை 5. ஒன்பதுக்கு மேல் எழுத்துகள் வரும். ஒரு கோளையும் அப்படியே ஒரு வரியில் எழுதுவார்கள்: முதலில் விண்துறைமுகத்தின் தரம், பிறகு வரிசையாக அளவு, வளிமண்டலம், நீர்ப்பரப்பு, மக்கள் தொகை, அரசு, சட்டக் கெடுபிடி, கடைசியில் தொழில்நுட்ப நிலை. 1979-இல் அச்சான ஒரு சாகச நூலைத் திறந்து, அதில் வரும் கோளையும் ஆளையும் 2022 நூலை வைத்துக்கொண்டு அன்று மாலையே விளையாடலாம். நான் பலமுறை செய்திருக்கிறேன், கணக்குப் போட்டு மாற்றி எழுத வேண்டிய அவசியம் பெரிதாக வந்ததில்லை.

அப்படியானால் பழைய கறுப்புப் புத்தகங்களையே வாங்கலாமே என்று கேட்பீர்கள். உங்கள் குழுவுக்கு அவை சரிவராது. பழைய பதிப்பில் எல்லாச் செயலுக்கும் பொதுவான ஒரே விதி கிடையாது. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக ஒரு வீச்சு சொல்லப்பட்டிருக்கும், சொல்லப்படாத இடத்தை ஆட்டத்தை நடத்தும் நடுவர் தன் அனுபவத்தால் நிரப்ப வேண்டும். டிராகன்ஸ் விளையாட்டிலிருந்து வருபவர்களுக்கு, எந்தக் கேள்விக்கும் நூலில் பதில் இருக்கும் என்ற பழக்கம் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. டிராவலரில் பாத்திரத்தை உருவாக்குவதே ஒரு சிறு விளையாட்டு: கடற்படையிலோ வணிகக் கப்பலிலோ நான்கு நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிந்து, ஒவ்வொரு நான்காண்டிலும் பிழைத்தோமா என்று பகடை வீசிப் பார்க்க வேண்டும். 1977 நூலின்படி அந்த வீச்சில் தோற்றால் பாத்திரம் செத்துவிடும், ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே. 1981 திருத்தத்தில், காயத்தோடு பணியிலிருந்து விலகலாம் என்று ஒரு விருப்ப விதி சேர்ந்தது. மங்கூஸ் நூலில் தோற்றவருக்கு ஒரு விபத்தோ அவமானமோ ஒரு பகைவனோ கிடைப்பான். அதுவே பின்னால் கதைக்குக் கரு ஆகிறது. அரை மணி நேரம் உழைத்து ஆக்கிய ஆள் இறந்துபோனால் உங்கள் ஐவரில் இருவராவது அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

மெகாடிராவலர் 1987-இல் வந்தது. பொது விதி என்ற ஒன்றை டிராவலருக்கு உருப்படியாகக் கொடுத்தது அதுதான். எளிய செயலுக்கு 3, வழக்கமானதற்கு 7, கடினமானதற்கு 11, மிகக் கடினமானதற்கு 15 என்று அழகான படிக்கட்டு. ஆனால் அச்சுப் பிழைகளும் கணக்குப் பிழைகளும் மலிந்த நூல் அது. நீண்ட திருத்தப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் அதில் ஒரு கப்பலை வடிவமைக்க முடியாது. அந்தப் பட்டியல் பெட்டிக்குள் இருக்காது, விற்பவரும் சொல்லமாட்டார். டிராவலர் கதையுலகின் பேரரசர் ஸ்ட்ரெஃபான் கொலையுண்டு பேரரசு உடைந்து கிடக்கும் காலத்தில் அதன் கதை நிகழ்கிறது என்பதையும் கவனியுங்கள். பழைய பதிப்பும் மங்கூஸும் அதற்கு முந்தைய, பேரரசு நிலைத்திருக்கும், அந்தக் கதையுலகக் கணக்கின் 1105-ஆம் ஆண்டை மையமாகக் கொண்டவை.

உங்கள் சித்தப்பா மகன் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறான். ஆனால் ஐந்தாம் பதிப்பு என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுபவர்கள் பலர். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் ஐந்து என்றால் எளிமையான, இன்று எல்லோரும் விளையாடும் பதிப்பு. டிராவலரில் ஐந்து என்றால் அறுநூறு பக்கங்களைத் தாண்டிய, துப்பாக்கி முதல் விலங்கு வரை எதையும் புதிதாக உருவாக்குவதற்கான கருவிப் பெட்டி. 2019-இல் அதை மூன்று தொகுதிகளாகப் பிரித்து ஓரளவு சீர்செய்தார்கள். ஆழ்ந்து படிப்பவர்களுக்கு அது பொக்கிஷம், புதிதாக வருபவருக்கு அல்ல.

இந்த இடத்தில் பதிப்பகங்கள்மீது எனக்கு உள்ள கோபத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மங்கூஸ் முதல் பதிப்பு 2008-இல் வந்தது, இரண்டாம் பதிப்பு 2016-இல். 2022-இல் வந்த நூலுக்குப் புது எண் தராமல், இரண்டாம் பதிப்பின் புதுப்பித்தல் என்று விட்டுவிட்டார்கள். விற்பனைப் பக்கத்தில் ‘இரண்டாம் பதிப்பு’ என்று மட்டும் இருந்தால் வருவது 2016-ஆ 2022-ஆ என்று வாங்குபவனுக்கு எப்படித் தெரியும்? ஹை கார்டு நிலைமை இன்னும் மோசம். அந்தப் பெயரில் 1979-இல் ஒரு நூல், 1980-இல் அதன் திருத்தம், மங்கூஸ் முதல் பதிப்புக்கு ஒன்று, 2016-இல் ஒன்று, 2022-இல் ஒன்று என வந்திருக்கின்றன. எல்லாமே விண்கப்பல் வடிவமைப்பு பற்றியவை. பழைய நூல், மங்கூஸ் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு ஆகியவற்றில் ஒன்றின் கப்பலை மற்றொன்றின் போர் விதியில் அப்படியே ஓட்ட முடியாது. உங்கள் விற்பனையாளர் தரும் ஹை கார்டு எந்த ஆண்டினுடையது என்று கேள்வியில் இல்லை, அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

கப்பல் என்றதும் ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகப் பேர் வீண் செலவு செய்கிறார்கள். உங்கள் ஐவரில் யாரிடமாவது 2008 மங்கூஸ் நூல் ஏற்கெனவே இருந்தால், 2022 நூலை வாங்க வேண்டியதில்லை. பாத்திரம் உருவாக்குவது, 8-க்கு வீசுவது, பண்பு எண்ணிலிருந்து கூட்டல் கழித்தல் எடுப்பது எல்லாம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. புதியதில், சாதகமான சூழலில் மூன்று பகடை வீசி உயர்ந்த இரண்டை எடுக்கும் விதி உண்டு. அதை ஒரு தாளில் எழுதி வைத்தால் போதும். வேறுபடுவது கப்பல்தான். 2008 நூல் கப்பலின் வெளி உடலுக்கும் உள் கட்டமைப்புக்கும் தனித்தனிப் புள்ளிகள் தருகிறது, புதிய நூல் அதை ஒரே உடல் புள்ளியாக்கி, மின்சக்திக்குத் தனிக் கணக்கு வைக்கிறது. ஆகவே 2008 நூலை வைத்து ஆடுபவர் பின்னால் வரும் கப்பல் நூல்களை வாங்கக் கூடாது; 2022 நூலை வைத்து ஆடுபவர் மலிவாகக் கிடைக்கிறதே என்று 2008 கப்பல் நூல்களை வாங்கக் கூடாது. கோள்கள், சாகசங்கள், ஊர்கள், ஆட்கள் பற்றிய நூல்களை இருவரும் எதிலிருந்தும் எடுத்துக்கொள்ளலாம். கப்பல் தாள் மட்டும் அந்தந்த நூலோடு இருக்கட்டும்.

கப்பலை வாங்கும் கணக்கு மட்டும் இத்தனை ஆண்டுகளில் மாறவில்லை. விலையில் 240-இல் ஒரு பங்கை மாதந்தோறும், 480 மாதங்களுக்குக் கட்ட வேண்டும். பழைய நூலில் 200 டன் வணிகக் கப்பலின் விலை 3 கோடியே 70 லட்சத்து 80 ஆயிரம் கிரெடிட் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்). மாதத் தவணை 1,54,500. ஒரு விண்மீனிலிருந்து இன்னொன்றுக்குக் கப்பல் செய்யும் ஒவ்வொரு தாவலும், தூரம் எதுவானாலும், ஏறக்குறைய ஒரு வாரம் எடுக்கும். மாதத்துக்கு இரண்டு தாவல், அதற்குள் சரக்கும் பயணிகளும் பிடித்துத் தவணை கட்ட வேண்டும். டிராகன்ஸில் பாத்திரத்தின் படிநிலை உயர்வது ஆட்டத்தை ஓட்டும். டிராவலரில் படிநிலையே இல்லை, இந்தத் தவணைதான் ஓட்டும். உங்கள் நண்பர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 14,000 ரூபாய்க்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இணைய விற்பனையாளரிடம் ‘அசல் 1977’ என்று நம்பி நானும் மூன்று புத்தகங்கள் வாங்கினேன். பிரித்தபோது ஏ4 தாளில் அச்சடித்து, சுருள் கம்பி கோத்து, மேலே பளபளப்பான கறுப்பு அட்டை வைத்திருந்தார். பணம் திரும்பவில்லை. அசல் நூல் ஐந்தரை அங்குல அகலமும் எட்டரை அங்குல உயரமும் கொண்ட மெல்லிய புத்தகம், நடுமடிப்பில் ஊசி அடித்திருக்கும். பதிப்புரிமைப் பக்கத்தில் 1977 மட்டும் இருந்தால் முதல் பதிப்பு. 1981 சேர்ந்திருந்தால் திருத்தப் பதிப்பு. இரண்டையும் ஒரே விலைக்கு, ‘முதல் பதிப்பு’ என்றே விற்கிறார்கள். பழைய விதிகளைப் படித்துப் பார்க்கும் ஆவல்தான் என்றால் 1983-இல் வந்த ஸ்டார்டர் டிராவலர் மின்நூல் வடிவில் இலவசமாகவே கிடைக்கிறது. அதே கோப்பை அச்சடித்து ஆயிரக்கணக்கில் விலை வைப்பவர்களிடம் ஏன் போக வேண்டும்?

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைப்பதிலும் ஒரு தொல்லை இருக்கிறது. 2019 பட்ஜெட்டில் இறக்குமதி நூல்களுக்கு 5 சதவீதச் சுங்கவரி போட்டார்கள். அதுவே எனக்கு வருத்தம்தான். ஆனால் அனுப்புபவர் உறையின்மேல் ‘கேம்’ என்று எழுதிவிட்டால், முழுக்க முழுக்க எழுத்தாக இருக்கும் ஒரு நூலை விளையாட்டுப் பொருளாகக் கணக்கிட்டுப் பல மடங்கு வரி கேட்கிறார்கள். பிரித்துப் பாருங்கள் என்று கூரியர் அலுவலகத்தில் மன்றாடினாலும் தாளில் உள்ளதுதான் செல்லும். ஆகவே கனடாவிலிருந்து யார் அனுப்பினாலும் உறையில் ‘அச்சிட்ட நூல்’ என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே இருப்பதும் அதுதானே. பகடைகளை அதோடு சேர்த்து அனுப்ப வேண்டாம், அவை இங்கேயே கிடைக்கும்.

செலவைக் குறைக்க வேண்டுமானால், மங்கூஸ் ஒரு டாலருக்கு வெளியிட்ட எக்ஸ்ப்ளோரர்ஸ் எடிஷன் மின்நூலை முதலில் எடுங்கள். பாத்திரம் உருவாக்கும்போது தேர்ந்தெடுக்கும் பணிப்பாதைகள் சிலவே அதில் உண்டு, ஆனால் விதிகள் 2022 நூலினவை. ஐவரும் ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கி, இரண்டு மூன்று வாரம் ஒரு சிறிய கப்பலில் சுற்றிப் பாருங்கள். பிடித்திருந்தால் அடிப்படை விதிநூலை ஒரு பிரதி வாங்குங்கள். வாங்கும் இடத்தில் ‘2022’ என்ற ஆண்டு தெளிவாகத் தெரிகிற பக்கத்தின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். படம் அனுப்ப மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.